கேள்வி – பதில்: அயர்லாந்தின் தன்னாட்சியும் அல்ஸ்டரின் மறுப்பும்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, 1914ஆம் ஆண்டின் கோடையில் அயர்லாந்து உள்நாட்டுப் போரை நெருங்கிக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தோம். யாருக்கும் யாருக்கும் இடையிலான போர் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஹோம் ரூல் எனப்பட்ட தன்னாட்சியைக் கேட்டவர்களுக்கும், அதை மறுத்த வட மாகாணமான அல்ஸ்டரின் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே என்பது சுருக்கமான பதில். எனவே இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி (வாசகர், ஈரோடு): தன்னாட்சி கொடுக்கிறோம் என்று ஆளும் நாடே முன்வந்தபோது, அயர்லாந்திலேயே ஒரு சாரார் ஆயுதம் ஏந்தும் அளவுக்கு அதை எதிர்த்தது ஏன்? 1912 மசோதாவில் அப்படி என்ன ஆபத்து இருந்தது?

பதில்: மசோதாவை மட்டும் எடுத்துப் படிப்பவருக்கு இந்த எதிர்ப்பு விளங்காது. 1912 ஏப்ரல் 11 அன்று பிரதமர் ஆஸ்க்வித் காமன்ஸ் சபையில் கொண்டுவந்த அந்த மசோதா, டப்ளினில் ஒரு நாடாளுமன்றம் அமைய வழிசெய்தது என்பது உண்மை. ஆனால் முடியரசு, போர், சமாதானம், படைகள், வெளியுறவு ஆகிய எதுவும் அதன் கைக்குப் போகவில்லை. காவல்துறைகூட ஆறு ஆண்டுகளுக்கு லண்டனின் பிடியிலேயே இருக்க வேண்டும். எந்தச் சமயத்துக்கும் அரசுப் பணத்தில் மானியம் தரக்கூடாது, சமயத்தின் பெயரால் யாருக்கும் சலுகையோ தடையோ விதிக்கக்கூடாது என்று ஒரு பிரிவு வெளிப்படையாகவே சொன்னது. லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் 42 அயர்லாந்து உறுப்பினர்கள் தொடர்ந்து அமர்ந்திருப்பார்கள். இன்று நம் மாநில அரசுகளுக்கு உள்ள அதிகாரங்களில் சில, அந்த டப்ளின் சபைக்குக் கிடையாது.

ஆகவே ஐக்கியவாதிகள், அதாவது பிரிட்டனோடு 1801இல் ஏற்பட்ட ஒன்றியம் குலையாமல் நீடிக்க வேண்டும் என்றவர்கள், அஞ்சியது மசோதாவின் பிரிவுகளைக் கண்டு அல்ல. அந்தச் சபையில் நிரந்தரமாக அமரப்போகும் பெரும்பான்மையைக் கண்டு. 1911 மக்கள்தொகைக் கணக்கின்படி அயர்லாந்தில் ஏறத்தாழ 44 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கத்தோலிக்கர். முழு பிரிட்டிஷ் நாட்டுக்குள் புராட்டஸ்டன்ட் பெரும்பான்மையின் பகுதியாக இருந்தவர்கள், டப்ளின் நாடாளுமன்றம் வந்த மறுநாளே நான்கில் ஒரு பங்குச் சிறுபான்மையாகி, எந்தத் தேர்தலிலும் அந்த நிலையை மாற்ற முடியாதவர்களாகிவிடுவார்கள். சட்டத்தில் எழுதப்படும் பாதுகாப்புகளை அந்தப் பெரும்பான்மையே நாளை மேலும் அதிகாரம் கேட்டுத் தகர்த்துவிடும் என்பது அவர்களுடைய கணிப்பு.

இன்னொரு காரணம், மசோதாவைத் தடுக்க அதுவரை இருந்த அணை உடைந்துபோனது. லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டனின் முதல் தன்னாட்சி மசோதா 1886இல் காமன்ஸ் சபையிலேயே 30 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. இரண்டாவது மசோதா 1893இல் அங்கே தேறிய பிறகு, பிரபுக்கள் சபை அதை 419க்கு 41 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. 1911இல் வந்த நாடாளுமன்றச் சட்டம், பிரபுக்கள் சபையின் தடுக்கும் அதிகாரத்தை இரண்டாண்டுத் தாமதமாகக் குறைத்துவிட்டது. 1910இன் இரண்டு தேர்தல்களிலும் லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வந்ததால், ஜான் ரெட்மண்டின் அயர்லாந்துக் கட்சியின் ஆதரவில்தான் ஆஸ்க்வித் ஆட்சி நடத்தினார். எனவே மூன்றாவது மசோதா 1914இல் சட்டமாவது உறுதி என்று அனைவருக்கும் தெரிந்திருந்தது. சபைக்குள் தடுக்க வழியில்லை என்றானதும் எதிர்ப்பு தெருவுக்கு வந்தது.

கேள்வி (வாசகி, திருச்சிராப்பள்ளி): இதைச் சமயச் சண்டை என்று சொல்லிவிடலாமா, அல்லது சமயத்தின் பின்னே பொருளாதாரம் ஒளிந்திருந்ததா?

பதில்: ஒன்றின் பின்னே மற்றொன்று ஒளிந்திருக்கவில்லை, இரண்டும் வெளிப்படையாகவே பேசப்பட்டன. தன்னாட்சி என்பது ரோமின் ஆட்சி என்பது ஐக்கியவாதிகளுடைய மேடை முழக்கம். இதை வெறும் வெறுப்புப் பேச்சு என்று தள்ளிவிட முடியாதபடி, அப்போது ஒரு நிகழ்வு அவர்களுக்குக் கிடைத்தது. கலப்பு மணங்கள் கத்தோலிக்கக் குருவின் முன்னிலையில் நடந்தால்தான் செல்லும் என்று போப்பாண்டவரின் ஆணை ஒன்று 1908 ஈஸ்டர் முதல் அயர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. 1910இல் பெல்ஃபாஸ்டில் ஒரு கத்தோலிக்கக் கணவர் தம் பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவு) மனைவியை விட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட, அந்தத் திருமணம் செல்லாது என்று பாதிரியார் சொன்னதே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தத் தாயின் கதை புராட்டஸ்டன்ட் மேடைகளிலெல்லாம் சொல்லப்பட்டது. டப்ளினில் ஆட்சி வந்தால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்க அவர்களுக்கு அந்த ஒரு குடும்பமே போதுமானதாக இருந்தது.

பொருளாதார வாதமும் வலுவானதே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரம் பேர் வாழ்ந்த பெல்ஃபாஸ்ட், 1911இல் நான்கு லட்சத்தை நெருங்கியது. லினன் ஆலைகள், கயிற்று ஆலை, புகையிலை ஆலைகள், இரண்டு பெரிய கப்பல் கட்டும் தளங்கள் என்று அது அயர்லாந்தின் ஒரே பெருந்தொழில் நகரமாக இருந்தது. டைட்டானிக் அங்கேதான் கட்டப்பட்டு 1911 மே 31இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் சந்தை, மூலப்பொருள், முதலீடு எல்லாம் கிளாஸ்கோ, லிவர்பூல், பேரரசு என்ற திசையிலேயே இருந்தன. டப்ளினில் விவசாயிகளின் பிரதிநிதிகள் ஆட்சி அமைத்தால், வரியைத் தங்கள் தொழில்கள்மேல் சுமத்துவார்கள் என்றும், பாதுகாப்புத் தீர்வைகள் பேரரசுச் சந்தையை மூடிவிடும் என்றும் முதலாளிகள் கவலைப்பட்டனர். தொழிலாளிகளின் கவலை வேறு விதமானது. கப்பல் தளங்களில் திறன்மிக்க வேலைகள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளின் கையில் இருந்தன. ஆட்சி மாறினால் அந்த ஏற்பாடும் மாறும். 1912 ஜூலையில் அந்தத் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளிகள் அடித்து விரட்டப்பட்டபோது, தன்னாட்சியையோ சோஷலிசத்தையோ ஆதரித்த புராட்டஸ்டன்டுகளும் அவர்களோடு சேர்த்து விரட்டப்பட்டனர். சிறுபான்மையின் பாதுகாப்பு பற்றி ஐக்கியவாதத் தலைவர்கள் ஆற்றிய உரைகளைப் படிக்கும்போது இந்த நிகழ்வையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி (வாசகர், மதுரை): 1798 கிளர்ச்சியில் பெல்ஃபாஸ்டின் பிரஸ்பிட்டேரியன்களே ஆங்கிலேயரை எதிர்த்து நின்றார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களின் பேரப்பிள்ளைகள் எப்படி ஐக்கியவாதிகள் ஆனார்கள்?

பதில்: நீங்கள் படித்தது சரி. ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் 1791இல் பெல்ஃபாஸ்டில்தான் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியன்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஸ்டரில் ஸ்காட்லாந்தியரும் ஆங்கிலேயரும் திட்டமிட்டுக் குடியேற்றப்பட்டபோது வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டிய, பதவிகளில் ஒதுக்கப்பட்ட இரண்டாந்தரக் குடிகளாகவே அவர்கள் நடத்தப்பட்டார்கள். அந்தக் குறையில் அவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் பொதுவான எதிரி இருந்தது. 1798இல் ஆண்ட்ரிமிலும் பாலினஹின்ச்சிலும் போரிட்டுத் தோற்றார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஹென்றி ஜாய் மெக்ராக்கன் பெல்ஃபாஸ்டில் தூக்கிலிடப்பட்டார்.

பிறகு நடந்தது ஒரே நாளில் ஏற்பட்ட மனமாற்றம் அல்ல. அதே 1798இல் தெற்கே வெக்ஸ்ஃபோர்டில் கிளர்ச்சியாளர்கள் ஒரு களஞ்சியத்தில் அடைத்துப் புராட்டஸ்டன்டுகளை எரித்துக் கொன்ற செய்தி வடக்கே பரவியது. 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவு திறந்ததும் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் திரட்டிய பெரும் இயக்கம், பாதிரியார்களின் துணையோடு ஊர் ஊராக அமைந்தது. எண்ணிக்கை என்பது அரசியலில் என்ன செய்யும் என்று பிரஸ்பிட்டேரியன்கள் அப்போதுதான் கண்டார்கள். ஒன்றியத்தின் கீழ் பெல்ஃபாஸ்ட் செழித்தது. 1869இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் ஆங்கிலிக்கன் சபையின் அரசுத் தகுதியை நீக்கியதோடு அவர்களுடைய பழைய மனக்குறையும் தீர்ந்தது. 1886இல் முதல் மசோதா வந்தபோது, நூறாண்டு காலம் ஒருவரையொருவர் சந்தேகித்த ஆங்கிலிக்கன் நிலக்கிழாரும் பிரஸ்பிட்டேரியன் குத்தகை விவசாயியும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த மேடைக்கான அமைப்பு, 1795இல் ஆர்மா மாவட்டத்தில் தோன்றிய ஆரஞ்சு சங்கத்தின் கிளைகளில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

கேள்வி (வாசகி, சென்னை): அல்ஸ்டர் உடன்படிக்கை என்றால் என்ன? சிலர் தம் இரத்தத்தால் கையெழுத்திட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: 1912 செப்டம்பர் 28, சனிக்கிழமை, அல்ஸ்டர் நாள் என்று அறிவிக்கப்பட்ட அன்று தேவாலயங்களில் வழிபாடு முடிந்ததும் மக்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் முதல் கையெழுத்து ஐக்கியவாதிகளின் தலைவர் எட்வர்ட் கார்சனுடையது. தன்னாட்சி அல்ஸ்டரின் பொருள் நலனுக்குக் கேடு, குடியுரிமையையும் சமய உரிமையையும் குலைக்கும், பேரரசின் ஒற்றுமைக்கு ஆபத்து என்று சொல்லும் அந்த வாசகம், இந்தச் சதியை முறியடிக்கத் தேவைப்படும் எல்லா வழிகளையும் கையாள்வோம் என்று கடவுளின் பெயரால் உறுதி கூறுகிறது. எல்லா வழிகளும் என்ற சொற்களுக்குள் துப்பாக்கியும் அடங்கும் என்பது கையெழுத்திட்ட யாருக்கும் புரியாமல் இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் பிரஸ்பிட்டேரியன்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளே இதற்கு முன்மாதிரி.

ஆண்கள் 2,37,368 பேர் உடன்படிக்கையிலும், பெண்கள் 2,34,046 பேர் அவர்களுக்கென எழுதப்பட்ட தனி உறுதிமொழியிலும் ஒப்பமிட்டனர். அல்ஸ்டருக்குள் மட்டும் எண்ணினால் பெண்களின் கையெழுத்தே ஆண்களுடையதைவிட அதிகம். வாக்குரிமை இல்லாத அந்தக் காலத்தில் இது சிறிய செய்தி அல்ல. 1911இல் தொடங்கப்பட்ட அல்ஸ்டர் பெண்கள் ஐக்கியவாதச் சபையின் உழைப்பு அது.

இரத்தக் கையெழுத்துக் கதை ஃபிரெட் கிராஃபர்ட் என்பவரைப் பற்றியது. அவருடைய கையெழுத்தைப் பிற்காலத்தில் சோதித்துப் பார்த்ததில் இரத்தத்தின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் செய்த வேறொரு காரியத்தை அடுத்த பதிலில் பாருங்கள். அதற்கு இரத்தக் கதையின் உதவி தேவையில்லை.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): மன்னருக்கு விசுவாசமானவர்கள் என்று சொல்லிக்கொண்டே மன்னரின் அரசாங்கத்தை எதிர்த்து எப்படிப் படை திரட்ட முடிந்தது? அரசாங்கம் ஏன் அவர்களைக் கைது செய்யவில்லை?

பதில்: இந்த விவகாரத்தின் மையமே இந்தக் கேள்விதான். அவர்களுடைய விசுவாசம் நிபந்தனையோடு கூடியது. ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்கள், ஒரு தரப்பு முறித்தால் மறுதரப்பின் கடமையும் முடிந்துவிடும் என்பது பிரஸ்பிட்டேரியன் மரபில் ஊறிய எண்ணம். கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை 1689இல் டெரி நகரம் வாயிலை அடைத்து முற்றுகையில் எதிர்த்து நின்றதையும், அடுத்த ஆண்டு பாயின் ஆற்றங்கரையில் மூன்றாம் வில்லியம் அவரை வென்றதையும் இன்றுவரை ஊர்வலம் நடத்திக் கொண்டாடும் சமூகம் அது. மன்னரை எதிர்த்ததே அவர்களின் விசுவாசத்தின் பிறப்பிடம் என்றால் மிகையில்லை.

1911 செப்டம்பரில், பெல்ஃபாஸ்டுக்கு அருகே ஜேம்ஸ் கிரெய்க்கின் மாளிகைப் புல்வெளியில் ஏறத்தாழ 50,000 பேர் கூடிய கூட்டத்தில், மசோதா நிறைவேறும் நாளில் அல்ஸ்டரின் ஆட்சியைத் தாமே ஏற்கத் தயாராக இருக்க வேண்டும் என்று கார்சன் அறிவித்தார். மேடையில் அனல் பறக்கப் பேசியவர் கார்சன். கூட்டம், அணிவகுப்பு, அமைப்பு எல்லாவற்றையும் திட்டமிட்டவர் சாராய ஆலை அதிபரின் மகனும் போயர் போரில் பணியாற்றியவருமான கிரெய்க். 1913 ஜனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படை முறைப்படி உருவானது. உடன்படிக்கையில் ஒப்பமிட்ட, 17 முதல் 65 வயது வரையிலான ஆண்களைக் கொண்டு ஒரு லட்சம் பேர் என்பது இலக்கு. அதன் தளபதி ஜார்ஜ் ரிச்சர்ட்சன், இந்தியப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெனரல். ஆயுதப் பயிற்சி சட்டவிரோதம் அல்லவா என்றால், இரண்டு நீதிபதிகள் அனுமதித்தால் பயிற்சி செய்யலாம் என்று ஒரு பழைய சட்டத்தில் இடம் இருந்தது. அல்ஸ்டரின் கௌரவ நீதிபதிகளில் ஐக்கியவாதிகளுக்குப் பஞ்சமா என்ன!

கைது செய்யாததற்கு உண்மையான காரணம், அவர்களுக்குப் பின்னால் நாட்டின் எதிர்க்கட்சியே நின்றதுதான். கன்சர்வேட்டிவ் தலைவர் போனர் லா கனடாவில் பிறந்தவர். ஆனால் அவருடைய தந்தை அல்ஸ்டரில் வேர்கொண்ட பிரஸ்பிட்டேரியன் போதகர். 1912 ஜூலையில் பிளெனிம் மாளிகையில் நடந்த கூட்டத்தில், அல்ஸ்டர் எந்த எல்லைக்குப் போய் எதிர்த்தாலும் அதைத் தாம் ஆதரிக்கத் தயார் என்று அவர் சொன்னார். அடுத்த தேர்தலில் பிரதமராகக்கூடியவர் இப்படிப் பேசும்போது, கார்சனைச் சிறையில் அடைத்தால் அவர் தியாகியாவார் என்று ஆஸ்க்வித் தயங்கினார். பொறுத்திருந்து பார்ப்பதே அவருடைய வழக்கம். இந்த ஒரு விவகாரத்தில் அது அவரைக் கைவிட்டது. ரெட்மண்டோ, இது வெறும் பூச்சாண்டி என்று கடைசிவரை நம்பினார்.

1914 மார்ச்சில் டப்ளினுக்கு அருகே கர்ரா முகாமில், அல்ஸ்டர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னால் பதவி நீக்கத்தையே ஏற்போம் என்று பிரிகேடியர் ஹியூபர்ட் கஃப் தலைமையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். படையை ஏவ முடியாது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. அடுத்த மாதம், ஏப்ரல் 24 இரவில், ஃபிரெட் கிராஃபர்ட் ஜெர்மனியில் வாங்கிய ஏறத்தாழ 25,000 துப்பாக்கிகளும் முப்பது லட்சம் தோட்டாக்களும் லார்ன், பாங்கர், டோனகடீ துறைமுகங்களில் இறக்கப்பட்டு, விடிவதற்குள் மோட்டார் வண்டிகளில் மாகாணமெங்கும் பிரித்தனுப்பப்பட்டன. காவல்துறை தலையிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில், இதைப் பார்த்துத் தெற்கே உருவான அயர்லாந்துத் தொண்டர்கள் ஹௌத் துறைமுகத்தில் சுமார் 900 துப்பாக்கிகளை இறக்கியபோது படை அனுப்பப்பட்டது. அன்று மாலை டப்ளின் தெருவில் கூடிய மக்கள்மேல் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. சட்டம் வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று தேசியவாதிகள் சொன்னதில் மிகைப்படுத்தல் இல்லை. அல்ஸ்டரின் அச்சத்தை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். ஆனால் துப்பாக்கி பலன் தரும் என்று அயர்லாந்து முழுவதற்கும் பாடம் நடத்திய பொறுப்பிலிருந்து கார்சனையும் போனர் லாவையும் விடுவிக்க என்னால் முடியவில்லை.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): நம் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பெசன்ட் அம்மையார் ஐரிஷ் குருதி கலந்தவர். 1916 செப்டம்பரில் சென்னையில் தாம் தொடங்கிய அமைப்புக்கு அந்தப் பெயரை அயர்லாந்திலிருந்தே எடுத்தார். 1917இல் அவரைக் காவலில் வைத்த சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு, 1912 தொடக்கம்வரை ஆஸ்க்வித்தின் அமைச்சரவையில் இருந்தவர். அதாவது அயர்லாந்துக்கு ஹோம் ரூல் வாக்களித்த அரசின் அமைச்சர். அவருக்கு அது முரணாகத் தோன்றியதா என்பது வேறு விஷயம். நீதிக்கட்சியினர் இங்கே ஹோம் ரூலை எதிர்த்ததை அல்ஸ்டரோடு ஒப்பிடுவோர் உள்ளனர். அதிகாரம் யார் கைக்குப் போகும் என்ற அச்சம் இரண்டிலும் உண்டு. ஆனால் அங்கே எதிர்த்தவர்கள் சிறுபான்மையினர், இங்கே எதிர்த்தவர்கள் பெரும்பான்மைச் சமூகங்களின் பெயரால் பேசினார்கள். ஒப்பீடு அதற்குமேல் நகராது.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): கார்சன் அல்ஸ்டரைச் சேர்ந்தவரே அல்ல என்கிறார்களே? தெற்கே வாழ்ந்த புராட்டஸ்டன்டுகளின் நிலை என்ன ஆயிற்று?

பதில்: கார்சன் டப்ளினில் பிறந்தவர், டப்ளின் பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினர், 1895இல் ஆஸ்கர் வைல்டைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து புகழ்பெற்ற வழக்கறிஞர். அயர்லாந்து முழுவதும் ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பெல்ஃபாஸ்டின் வருவாய் இல்லாமல் டப்ளின் அரசு நிற்காது, ஆகவே அல்ஸ்டர் மறுத்தால் திட்டமே விழுந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். அல்ஸ்டர் அவருக்கு ஆயுதம்; கிரெய்க்குக்கோ அது சொந்த வீடு. 1913 இறுதியில் பிரிவினை பேச்சுக்கு வந்ததும் இந்த வேறுபாடு வெளிப்பட்டது. தெற்கின் மூன்று மாகாணங்களில் சிதறி வாழ்ந்த ஐக்கியவாதிகள், எந்தத் தொகுதியிலும் எண்ணிக்கை பலம் இல்லாதவர்கள், கைவிடப்பட்டார்கள்.

எல்லாப் புராட்டஸ்டன்டுகளும் கார்சனின் பின்னே போனார்கள் என்றும் எண்ண வேண்டாம். பாலிமனி நகரின் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜே.பி. ஆர்மர், 1913 அக்டோபரில் அங்கே தன்னாட்சியை ஆதரிக்கும் புராட்டஸ்டன்டுகளின் கூட்டத்தையே நடத்திக் காட்டினார்; பின்னாளில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்ட் அதில் பேசினார். அவர்கள் சிலரே என்பதும் உண்மை.

பிரிவினையில் உருவான வட அயர்லாந்தின் முதல் பிரதமர் பதவி தம்மைத் தேடி வந்தபோது கார்சன் ஏற்கவில்லை, கிரெய்க் ஏற்றார். 1921 டிசம்பரில், அயர்லாந்தோடு உடன்பாடு கையெழுத்தான பிறகு, கார்சன் பிரபுக்கள் சபையில் எழுந்து, தாமும் அல்ஸ்டரும் அயர்லாந்தும் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆட்சியில் அமர்த்துவதற்கான ஆட்டத்தில் வெறும் பொம்மைகளாக இருந்தோம் என்றும், தாம் எவ்வளவு முட்டாளாக இருந்துவிட்டோம் என்றும் கசந்து பேசினார்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): அல்ஸ்டரில் ஒன்பது மாவட்டங்கள் இருக்க, வட அயர்லாந்து ஆறோடு நின்றது ஏன்?

பதில்: எண்ணிக்கைதான் காரணம். ஒன்பது மாவட்டங்களையும் சேர்த்தால் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு 44 பேர். ஆறு மாவட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு. 1913 ஜனவரியில் டெரி நகர இடைத்தேர்தலில் தன்னாட்சி வேட்பாளர் வென்றதும், அல்ஸ்டரின் 33 இடங்களில் 17 தன்னாட்சி ஆதரவாளர்களிடம் போய்விட்டன. அல்ஸ்டர் முழுவதும் மறுக்கிறது என்ற பேச்சுக்கு அப்போதே அடிப்படை ஆட்டம் கண்டது.

1914 ஜூலையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் கூட்டிய மாநாடு, ஃபெர்மனா, டைரோன் மாவட்டங்களின் எல்லையை எங்கே போடுவது என்பதிலேயே முறிந்தது. சில நாட்களில் உலகப் போர் வந்தது. செப்டம்பர் 18 அன்று மசோதா சட்டமானாலும், அதை நிறுத்திவைக்கும் இன்னொரு சட்டமும் உடன் வந்தது. தொண்டர் படையினர் பெருமளவில் 36ஆம் டிவிஷனில் சேர்ந்து, 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கினர். முதல் இரண்டு நாட்களில் அந்த டிவிஷனில் மாண்டவர்களும் காயமுற்றவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறத்தாழ 5,500 பேர். அந்த இழப்புக்குப் பிறகு அல்ஸ்டரை வற்புறுத்தி டப்ளினின் கீழ்க் கொண்டுவர லண்டனில் எந்த அமைச்சரும் துணியவில்லை. அதே ஆண்டு டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சி என்ற ஆயுதக் கிளர்ச்சியோ, தெற்கைத் தன்னாட்சிக்கு அப்பால் குடியரசை நோக்கித் தள்ளியது.

1920 சட்டம் பிரிவினையைக் கொண்டுவந்தபோது ஐக்கியவாதிகளே ஆறு மாவட்டங்களைத் தேர்ந்தார்கள். கிரெய்க்கின் சகோதரர் சார்லஸ் கிரெய்க் காமன்ஸ் சபையில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: ஒன்பது மாவட்டச் சபையில் தங்களுக்குப் பெரும்பான்மை மூன்று நான்கு இடங்கள் மட்டுமே, ஆறில் அது பத்து. கவான், மோனகன், டோனகால் மாவட்டங்களில் 1912இல் அதே உடன்படிக்கையில் ஒப்பமிட்ட ஐக்கியவாதிகள், ஒருவரையொருவர் கைவிடமாட்டோம் என்ற சொல் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். 1920இல் அல்ஸ்டர் ஐக்கியவாதச் சபை அவர்களின் எதிர்ப்பை வாக்கெடுப்பில் தோற்கடித்தது.

எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களுக்குள்ளேயே ஃபெர்மனா, டைரோன் ஆகிய இரண்டில் கத்தோலிக்கர்களே அதிகம். பெல்ஃபாஸ்டில் புதிய நாடாளுமன்றத்தை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1921 ஜூனில் தொடங்கிவைத்த சில மாதங்களில், அந்த இரு மாவட்டக் கவுன்சில்களும் தங்கள் விசுவாசம் டப்ளினுக்கே என்று தீர்மானம் போட்டன. கிரெய்க்கின் அரசு அவற்றைக் கலைத்து, நிர்வாகத்தை ஆணையர்களிடம் ஒப்படைத்தது.